முறையிட்டுக்கொண்டே பற்றியிருப்பது: கடும் துன்பத்தில் விசுவாசத்தைக் காக்க ஒரு முழு வழிகாட்டி

டிசம்பர் 31 நடுராத்திரி ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கையில் ஒரு வாக்குத்தத்த அட்டை இருக்கும். விடிந்ததும் அது காலண்டருக்குப் பக்கத்தில் ஏறிவிடும். பல வீடுகளில் எரேமியா 29:11 ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அந்த வருஷமே அந்த வீட்டில் ஒரு பிள்ளை இறந்துபோனால்? குடும்பத்தின் ஒரே சம்பாத்தியக்காரருக்குப் புற்றுநோய் நான்காம் நிலை என்று சொல்லிவிட்டால்? அட்டையைக் கிழிக்கக் கை வராது. பார்க்கவும் மனசு வராது.

அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கத்தோலிக்கரோ, சி.எஸ்.ஐ.யோ, பெந்தெகொஸ்தே சபையோ, எதுவாக இருந்தாலும் சரி. துன்பத்துக்குக் காரணம் சொல்வது என் நோக்கமில்லை. அடுத்த வேளை ஜெபத்தை எப்படிச் செய்வது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு எப்படிப் போவது, குத்திப் பேசுகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதைத்தான் படிப்படியாகச் சொல்லப் போகிறேன். என் பிடிமானம் ஒன்றே ஒன்று: அழாமல், கேள்வி கேட்காமல், முகம் கோணாமல் இருப்பதை வேதாகமம் விசுவாசம் என்று சொல்லவில்லை. அழுகையையும் கோபத்தையும் வேறெங்கும் கொண்டுபோகாமல் ஆண்டவரிடமே கொண்டுபோவதுதான் விசுவாசம்.

முதல் படி: உடம்பைப் பாருங்கள்

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். எலியா தீர்க்கதரிசி உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். சாக வேண்டும் என்று கேட்ட அந்த மனிதருக்கு தேவன் அப்போது ஒரு பிரசங்கமும் அனுப்பவில்லை. 'உன் விசுவாசம் எங்கே' என்றும் கேட்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. தூதன் தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். சாப்பிட்டார், மறுபடியும் படுத்துத் தூங்கினார். இரண்டாம் முறையும் எழுப்பி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லி மறுபடியும் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் தேவனோடு நடந்த உரையாடலெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான்.

முதல் சில வாரங்களுக்கு உங்கள் வேலையும் இதுதான். பசிக்கவில்லை என்றாலும் கஞ்சியாவது குடியுங்கள். ஐசியூ வாசல் பெஞ்சில் இரவும் பகலும் ஒரே ஆள் உட்கார்ந்திருக்காமல் முறை வைத்து மாறிக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் துக்க வீட்டில் அதை மறந்துவிடுவது சர்வ சாதாரணம். அதை நினைவுபடுத்தும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். சர்க்கரை நோயாளி மருத்துவரிடம் கேட்காமல் மூன்று நாள் உபவாச ஜெபத்தில் உட்காரக் கூடாது. அவர் சாப்பிட்டுவிட்டு ஜெபித்தால் கர்த்தர் குறைவாகக் கேட்கப் போவதில்லை.

இந்த நாட்களில் தேவனைப் பற்றி எந்த முடிவுக்கும் வர வேண்டாம். 'இனி எனக்குக் கடவுள் கிடையாது' என்பதும் வேண்டாம், 'இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம் இது' என்பதும் வேண்டாம். தூக்கமில்லாத தலையில் எடுக்கும் எந்த முடிவுக்கும் ஆயுசு குறைவு. வீட்டை விற்பது, ஊரை மாற்றுவது, சபையை மாற்றுவது எல்லாம் காத்திருக்கட்டும்.

இரண்டாம் படி: முறையீட்டையே ஜெபமாக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் வாசிக்க முடியும் என்றால் இதை வாசியுங்கள்.

நம் சபைகளில் யோபு என்றாலே பொறுமைதான். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்ற முதல் அதிகார வசனம் அடக்க ஆராதனையில் தவறாமல் வரும். ஆனால் யோபின் புத்தகம் 42 அதிகாரம். மூன்றாம் அதிகாரத்திலேயே அந்த மனிதர் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதற்குப் பிறகு 31-ஆம் அதிகாரம்வரை விட்டு விட்டு வழக்காடுகிறார். ஏன் என்னை இலக்காக வைத்தீர், ஏன் எனக்குப் பதில் சொல்லமாட்டேன் என்கிறீர் என்று நேருக்கு நேர் கேட்கிறார். கூட இருந்த நண்பர்களோ தேவனுக்காகவே வாதாடுகிறார்கள். நீ பாவம் செய்திருப்பாய், மனந்திரும்பு, சரியாகிவிடும் என்கிறார்கள். முடிவில் தேவன் அந்த நண்பர்களில் ஒருவரான எலிப்பாசைப் பார்த்துச் சொல்வது என்ன? என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை. தேவனை நியாயப்படுத்திப் பேசியவர்கள் கண்டிக்கப்பட்டார்கள். தேவனிடத்தில் சண்டை பிடித்தவர், அவர்களுக்காக ஜெபிக்கும்படி நிறுத்தப்பட்டார்.

நம் மண்ணில் ஒரு பெரிய விசுவாசம் இந்தப் புத்தகத்திலிருந்தே தொடங்கியிருக்கிறது. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் அரசன் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அதே அரசனின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர் டச்சுத் தளபதி டிலனாய். அரண்மனை ஊழியத்தில் இருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை அவருக்குப் பழக்கம். குடும்பத்தில் அடுத்தடுத்து வந்த நஷ்டங்களால் நீலகண்ட பிள்ளை மனமுடைந்திருந்தபோது டிலனாய் அவருக்குச் சொன்னது யோபின் கதை என்பது குமரி மாவட்டத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சிறையும் சித்திரவதையும் சகித்து, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் கேட்ட முதல் நற்செய்தி, எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்து கேள்வி கேட்ட ஒருவருடைய கதை என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கஷ்டப்படுகிறவரிடம் 'எல்லாம் நன்மைக்கே' என்று தொடங்காமல் யோபிலிருந்து தொடங்கிய அந்தத் தளபதிக்கு மனுஷர் மனசு தெரிந்திருக்கிறது.

சங்கீதப் புத்தகமும் இப்படித்தான். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் புலம்பலும் முறையீடும்தான். நாம் ஸ்தோத்திர பலி செலுத்தப் பழகிய அளவுக்கு இவற்றைச் சொல்லப் பழகவில்லை. ஆகவே 13-ஆம் சங்கீதத்தை வைத்துப் பழகுங்கள். ஆறே வசனம்தான். அதற்குள் ஒரு முழு முறை இருக்கிறது.

முதலில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" மறந்துவிட்டார் என்று நினைத்தும் அவரைத்தான் கூப்பிடுகிறது. அடுத்து உள்ளதை உள்ளபடி சொல்கிறது. பிறகு ஒரு குறிப்பிட்ட காரியத்தைக் கேட்கிறது. கடைசியில் உமது கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன் என்று முடிகிறது. அந்தக் கடைசி அடி இன்று உங்கள் வாயில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். 88-ஆம் சங்கீதத்தில் அந்த அடியே கிடையாது. சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போனார்கள் என்று சொல்லி இருட்டிலேயே முடிகிறது. அதுவும் வேதாகமத்துக்குள்தான் இருக்கிறது.

ஒரு நோட்டை எடுத்து அதே வரிசையில் உங்கள் வார்த்தையில் எழுதிப் பாருங்கள். மேடைத் தமிழோ பிரசங்கத் தமிழோ வேண்டாம். பிள்ளையை இழந்த ஒரு தாய் இப்படி எழுதலாம்:

"ஆண்டவரே, நீர் கேட்கிறீரா என்றே தெரியவில்லை. எத்தனை ராத்திரி முழங்காலில் நின்றோம். பிள்ளை போய்விட்டான். அவன் ஸ்கூல் சட்டை இன்னும் கொடியில் கிடக்கிறது, என்னால் எடுக்க முடியவில்லை. எனக்கு உம்மேல் கோபமாக இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி கொஞ்சம் தூக்கம் தாரும். வேறொன்றும் கேட்கத் தெரியவில்லை. ஆமென்."

இது முழுமையான ஜெபம். இதில் குறை ஒன்றும் இல்லை. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சிலுவையில் தொங்கியவரே 22-ஆம் சங்கீதத்தை எடுத்துக் கதறினார். அவருடைய வாயில் வந்த வார்த்தை உங்கள் வாயில் வரும்போது நீங்கள் அவரைவிட்டு விலகிவிடவில்லை. அவர் நின்ற இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

மூன்றாம் படி: ஜெபமே வராத காலத்துக்கு ஒரு சிறிய ஒழுங்கு

சில மாதங்களில் முறையிடவும் தெம்பிருக்காது. வேதத்தைத் திறந்தால் எழுத்து ஓடும், மனசில் நிற்காது. அப்போது ஒரு மணி நேர ஜெபம், ஒரு நாளைக்கு மூன்று அதிகாரம் என்ற பழைய கணக்கை எடுத்து வைத்துவிடுங்கள். காலையில் ஒரு வசனம், ராத்திரி கர்த்தர் கற்பித்த ஜெபம், அவ்வளவு போதும். ஒரே வசனத்தையே மாதம் முழுவதும் வைத்துக்கொள்ளலாம். வலிப்பு நோயால் துன்பப்பட்ட மகனைக் கூட்டிவந்த தகப்பன் சொன்னது எனக்குத் தெரிந்ததில் மிகச் சிறியதும் மிக நேர்மையானதுமான ஜெபம்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." மாற்கு 9:24. இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

சொந்த வார்த்தை வராதவர்களுக்குச் சபை பல நூற்றாண்டாகச் சேர்த்துவைத்த வார்த்தைகள் இருக்கின்றன. கத்தோலிக்கர்கள் ஜெபமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நகர்ந்துகொண்டிருந்தால் போதும், மனசு பின்னால் வரும். ஜெப புத்தகம் உள்ள சபையார் அதிலுள்ள மாலை ஜெபத்தை அப்படியே வாசியுங்கள். கீர்த்தனை பாடிப் பழகிய வீடென்றால், தொண்டை அடைத்தாலும் யாராவது ஒருவர் பாட மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம். அச்சடித்த ஜெபத்தை வாசிப்பது உயிரில்லாத ஜெபம் என்று சில இடங்களில் சொல்வார்கள். துக்கத்தில் இருப்பவர்களிடம் அப்படிச் சொல்வது அநியாயம்.

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் ஒரு திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கி வந்து, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் என்ன விசுவாசித்தான் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆகவே நாலு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஊருக்கெல்லாம் அனுப்பும் வாட்ஸ்அப் ஜெபக் குறிப்பைச் சொல்லவில்லை. 'என்னால் இப்போது ஜெபிக்க முடியவில்லை, எனக்குப் பதிலாக நீங்கள் செய்யுங்கள்' என்று கூசாமல் சொல்லக்கூடிய நாலு பேர். சங்கிலி ஜெபம் நடத்திப் பழகிய சபைகளுக்கு இது எளிது.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகக் கால் வரவில்லை என்றால் கடைசி வரிசையில் வாசலுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பாட முடியாவிட்டால் பாட வேண்டாம். திருவிருந்துக்கு, நற்கருணைக்கு மட்டும் எழுந்து போங்கள். அங்கே நீங்கள் எதையும் உணர வேண்டிய கட்டாயம் இல்லை. கையை நீட்டி வாங்கினால் போதும்.

நான்காம் படி: காரணம் சொல்ல வருகிறவர்களிடமிருந்து வீட்டைக் காத்துக்கொள்ளுங்கள்

துக்கம் விசாரிக்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ஆனாலும் சில பேச்சுகள் நோயைவிட அதிகமாக விசுவாசத்தை அரிக்கும். "உங்களுக்கு விசுவாசம் பத்தலை." "தசமபாகத்துல எங்கயோ குறை வெச்சிருக்கீங்க." "குடும்பத்துல ஒரு சாபக்கட்டு இருக்கு, அதை முறிச்சாத்தான் சுகம் வரும்." இவற்றைக் கேட்டுவிட்டு ராத்திரி முழுவதும் தாத்தா செய்த பாவம்வரை தேடிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கேள்வியை இயேசுவிடம் நேராகவே கேட்டார்கள். யோவான் 9: பிறவியிலேயே குருடனாய் இருக்கிறானே, யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா? இரண்டும் இல்லை என்று அவர் சொன்னார். லூக்கா 13-இல் சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரைப் பற்றிப் பேசும்போதும், அவர்கள் எருசலேமில் எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்றார். இந்த இரண்டு பகுதிகளையும் பென்சிலால் குறித்து வையுங்கள்.

எபிரெயர் 11-ஐயும் முழுவதுமாக வாசியுங்கள், பாதியில் நிறுத்த வேண்டாம். 34-ஆம் வசனத்தில் விசுவாசத்தினால் சிலர் பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள். 37-ஆம் வசனத்தில் வேறு சிலர் பட்டயத்தினாலே வெட்டப்பட்டு மரித்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரே பட்டியலில், விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்ற ஒரே பெயரில்தான் இருக்கிறது. சாட்சி சொல்லும் நேரத்தில் மைக் கிடைப்பது முதல் கூட்டத்துக்கு மட்டும் என்பது நம் சபைகளில் மாற வேண்டிய பழக்கம். சுகமாகாமல் பத்து வருஷமாகக் கர்த்தரை விடாமல் இருப்பவரும் சாட்சிதான். போதகர்கள் அவரையும் மேடைக்குக் கூப்பிட வேண்டும்.

பேச வருகிறவருக்குப் பதிலை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த நேரத்தில் வாய் வராது. "அக்கா, இப்ப அதைப் பேச வேண்டாம். ஒரு சங்கீதம் வாசிச்சு ஜெபம் பண்ணிட்டுப் போங்க." பெரியவராக இருந்தால், "ஐயா, யோவான் ஒன்பதை நீங்களே எனக்கு வாசிங்க." பணம் கேட்டு, விசேஷித்த ஜெபம், அபிஷேக எண்ணெய், சாப விடுதலை என்று வருகிறவர்களிடம் வாசலிலேயே மறுத்துவிடுங்கள். யாக்கோபு 5:14 சொல்லும் எண்ணெய் பூசும் ஜெபத்தை உங்கள் சபை மூப்பரோ குருவானவரோ செய்வார். அதற்கு விலை கிடையாது.

இன்னொன்று. அடக்க வீட்டில் அழுகிறவர்களைப் பார்த்து, "நம்பிக்கையற்றவர்களைப்போல அழக் கூடாது" என்று 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐக் காட்டி அடக்குவார்கள். அழவே கூடாது என்று பவுல் அங்கே சொல்லவில்லை. லாசரை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். பிள்ளைகள் முன்னால் அழுங்கள், அவர்களையும் அழவிடுங்கள்.

ஐந்தாம் படி: வாக்குத்தத்தங்களை அவை எழுதப்பட்ட இடத்தில் வைத்து வாசியுங்கள்

காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த எரேமியா 29:11-க்கு முந்தின வசனத்தை எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்? பாபிலோனில் எழுபது வருஷம் ஆன பின்பு என்று இருக்கிறது. இது சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று பொய்த் தீர்க்கதரிசிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எரேமியாவோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், எழுபது வருஷம் ஆகும் என்று எழுதினார். அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் அநேகர் பாபிலோனிலேயே கண்ணை மூடியிருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வாக்கு.

இது தெரிந்தபின் அந்த அட்டையைப் பார்க்கும் பார்வை மாறும். இந்த வருஷம் நம் வீட்டில் எதுவும் நடக்காது என்ற உத்தரவாதம் அதில் எழுதியிருக்கவில்லை. மிக மோசமானது நடந்துமுடிந்த பிறகு, அந்நிய ஊரில் உட்கார்ந்திருந்தவர்களைத் தேவன் கைகழுவிவிடவில்லை என்பது எழுதியிருக்கிறது. ரோமர் 8:28-ஐயும் இப்படியே வாசியுங்கள். சகலமும் நன்மைக்கேதுவாக நடக்கிறது என்ற வசனத்துக்குக் கொஞ்சம் கீழே உபத்திரவம், வியாகுலம், துன்பம், பசி, நிர்வாணம், நாசமோசம், பட்டயம் என்று பவுல் வரிசையாக எண்ணுகிறார். இவை வராது என்று அவர் சொல்லவில்லை. இவை வந்தாலும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்க முடியாது என்கிறார். அட்டையை எடுக்கத் தோன்றினால் எடுத்து வேதாகமத்துக்குள் வையுங்கள். எடுத்ததில் பாவமில்லை.

ஆறாம் படி: கேட்டது கிடைக்காதபோதும் கேட்டுக்கொண்டிருப்பது

சுகத்துக்காக ஜெபியுங்கள். சிகிச்சையும் எடுங்கள். இரண்டையும் எதிரெதிராக நிறுத்துகிற போதனையை நம்ப வேண்டாம். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாகவே விட்டுவிட்டு வந்தார். அப்போஸ்தலன் கையாலேயே எல்லாரும் சுகமாகிவிடவில்லை. அவருடைய மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் கேட்டும் அது எடுக்கப்படவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று மூன்று முறை கேட்டார். அந்தப் பாத்திரமும் நீங்கவில்லை. அங்கே இயேசு, கூடியிருந்து விழித்திருங்கள் என்று நண்பர்களிடமும் கேட்டார். தனியாக இருக்க முடியவில்லை என்று சொல்வது பலவீனமென்றால் அந்தப் பலவீனம் அவருக்கும் இருந்தது.

ஆகவே ஜெபத்தில் இரண்டு பகுதி இருக்கட்டும். ஒன்று, வேண்டியதைத் தெளிவாகக் கேட்பது: 'இந்தக் கீமோ கேட்க வேண்டும்', 'வலி குறைய வேண்டும்'. 'உம் சித்தம்' என்று தொடங்கி ஆசையையே ஒளித்துவைக்க வேண்டாம். அடுத்தது, தானியேல் 3-இல் அக்கினிச் சூளைக்கு முன்னால் மூன்று வாலிபர்கள் சொன்னது: எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், "விடுவிக்காமற்போனாலும்" ராஜாவின் பொற்சிலையை நாங்கள் வணங்கமாட்டோம். அந்த இரண்டாவது பகுதியை ஒரே நாளில் சொல்லிவிட முடியாது. சிலருக்கு வருஷக்கணக்காகும், பரவாயில்லை.

குணப்படுத்த முடியாது என்று மருத்துவர் சொன்ன பிறகும் வலியைக் குறைக்க வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சை தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வலியைச் சகித்துக்கொண்டே இருப்பதுதான் சிலுவை சுமப்பது என்று நினைத்து மருந்தை மறுக்க வேண்டாம்.

ஏழாம் படி: வருஷங்கள் நீளும்போது

ஏமி கார்மைக்கேல் அம்மையார் அயர்லாந்திலிருந்து 1895-இல் இந்தியா வந்து, 1901 முதல் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்தவர். 1931-இல் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் விழுந்து கால் உடைந்தது. அதிலிருந்து 1951-இல் இறக்கும்வரை கிட்டத்தட்ட இருபது வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே, வலியோடு இருந்தார். அவருக்காக ஜெபிக்காதவர்கள் டோனாவூரில் இருந்திருக்க முடியாது. நோயாளிகளுக்கென்று ஆரோக்கியமாக இருப்பவர்கள் எழுதி அனுப்பும் ஆறுதல் எழுத்து மனசில் ஒட்டவில்லை என்று கண்டு, நோயாளியாகவே இருந்து நோயாளிகளுக்கு அவர் எழுதத் தொடங்கினார். நீண்ட நோயில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். உங்களைப் போலவே நெடுநாள் படுத்திருக்கும் இன்னொருவரோடு வாரம் ஒருமுறை போனில் பேசுங்கள். எழுந்து நடமாடுகிறவர்கள் சொல்ல முடியாததை நீங்கள் இருவரும் சொல்லிக்கொள்ள முடியும்.

உடல் கிடைக்காத துக்கம் வேறு வகை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது குமரிக் கடற்கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போன பலர் திரும்பவே இல்லை. சிலருடைய உடலும் கரை வரவில்லை. அடக்கம் இல்லை, கல்லறை இல்லை, கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்ற இடமில்லை. இப்படிப்பட்ட குடும்பங்கள், உடல் இல்லாவிட்டாலும் நினைவுத் திருப்பலியை, நினைவு ஆராதனையைத் தள்ளிப்போடாமல் கேட்டு வாங்க வேண்டும். ஆலயத்தில் பெயர் சொல்லி வாசிக்கப்படட்டும். அதைச் செய்தால் நம்பிக்கையை விட்டதாக ஆகிவிடாது. சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவிக்கும் என்று வெளிப்படுத்தின விசேஷத்தில் எழுதியிருப்பது இவர்களுக்கென்றே எழுதினதுபோல இருக்கிறது.

முதல் கிறிஸ்துமஸ், பிறந்த நாள், இறந்த நாள் மூன்றும் கடினம். அந்த நாட்களுக்கு முன்கூட்டியே திட்டம் வையுங்கள். நட்சத்திரம் கட்டலாமா வேண்டாமா என்று ஊர் என்ன சொல்லும் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். வீட்டில் இருக்கும் பிள்ளைகளைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இருட்டு ஆபத்தாக மாறினால்

சாவைப் பற்றியே எண்ணம் ஓடினால், வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லை என்றால், மருத்துவரைப் பாருங்கள். மன அழுத்தம் ஒரு நோய். அதை விசுவாசக் குறைவு என்றோ பிசாசின் போராட்டம் என்றோ மட்டும் சொல்லி மருந்தைத் தள்ளிப்போடுவது ஆபத்து. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே, எந்த நேரமும், இலவசமாகப் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் உண்டு. இலங்கையில் 1926. உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறார் என்று சந்தேகம் வந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள். நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

கூட இருப்பவர்களுக்கு

யோபின் நண்பர்கள் செய்ததில் ஒன்று சரியாக இருந்தது. ஏழு நாள் ராப்பகலாக அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. துக்க வீட்டுக்குப் போனால் பத்து நிமிஷம் உட்காருங்கள், ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும். 'ஏதாவது வேணும்னா சொல்லுங்க' என்று சொல்லிவிட்டு வந்தால் யாரும் சொல்லமாட்டார்கள். 'நாளைக்குக் காலையில் நான் வந்து பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன்' என்று சொல்லிவிட்டு வாருங்கள், சொன்னபடி போங்கள். இறந்தவரின் பெயரைத் தவிர்க்காமல் சொல்லுங்கள். முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து பந்தலும் நாற்காலியும் போன பிறகு அந்த வீட்டுக்கு ஆள் வருவது நின்றுவிடும். உங்கள் போன் காலண்டரில் நாற்பத்தைந்தாம் நாளையும் ஆறாம் மாதத்தையும் இப்போதே குறித்துவைத்து, அந்த நாட்களில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போங்கள்.